ஊவாவின் கதை – 17: கதிர்காமத்துக்கு ஊவா வழி

சென்ற வாரம் 1818ஆம் ஆண்டு வெல்லஸ்ஸக் கிளர்ச்சியைப் பார்த்தோம். அதில் ஒரு செய்தியை இந்த வாரத்துக்கென்று நிறுத்தி வைத்திருந்தேன். கிளர்ச்சிக்காரர்கள் அரசனாக முன்னிறுத்திய வில்பாவே, தன்னைத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டவன். வெள்ளையர் நாடு கடத்திய கண்டி மன்னனின் நாயக்கர் குலத்து உறவினன் என்று உரிமை கோரியவன். கதிர்காமத் தெய்வமே தன்னை அரசனாகத் தெரிந்தெடுத்தது என்றான். சிங்களக் குடிகள் அவன் பின்னால் திரண்டார்கள். தமிழ்ப் பெயரும் கதிர்காமத்தின் அருளும் சேர்ந்தால் ஒருவனை அரசனாக ஏற்கலாம் என்ற நிலை ஊவாவில் அன்று இருந்தது.

கிளர்ச்சியை அடக்கிய மறு வருஷமே, 1819இல், ஆங்கிலேய இராணுவ வைத்தியர் ஜோன் டேவி இந்தப் பக்கம் வந்தார். இந்தியாவிலிருந்தும் யாத்திரிகர்கள் தேடி வரும் தலம் கதிர்காமம் என்று தம் நூலில் எழுதிவைத்தார். அவருக்கு முன்பே அருணகிரிநாதர் திருப்புகழில் கதிர்காமத்தைப் பாடிவிட்டார். பின்னால் லெனார்ட் வூல்ஃப், அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்த காலத்தில் (1908–1911), திருவிழாவுக்கு வரும் சனத்தைக் கவனிக்க இங்கே தங்கினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு பற்றி எழுதி 1924இல் வெளியான ஆங்கிலக் கட்டுரையும் இந்தத் தலத்தை மையமாக வைத்ததுதான். புலவர், வைத்தியர், துரை, அறிஞர் எல்லோரும் ஏட்டில் இருக்கிறார்கள். நடந்து போனவர்கள் இல்லை. அந்தக் குறைதான் இந்த வாரம் என்னை எழுத வைக்கிறது.

கதிர்காமம் இன்று மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. 1959இல் பதுளையிலிருந்து பிரிந்து உண்டான மாவட்டம் இது. மாணிக்க கங்கைக் கரையில் உள்ள கோயிலை முதன்முதலாகப் பார்க்கும் தமிழ் யாத்திரிகருக்குத் திகைப்பு உண்டாகும். கோபுரம் இல்லை. சிற்பத் தூண்கள் இல்லை. சாதாரண வீடு போன்ற சிறு கட்டடம். கருவறை வாசலில் திரை தொங்குகிறது. அதில் மயில்மேல் முருகன், இருபுறமும் வள்ளியும் தெய்வானையும். திரைக்குப் பின்னால் இருப்பதைப் பூசாரியான கப்புறாளையைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. சமஸ்கிருத மந்திரமும் கிடையாது. நம் மக்கள் இதை ‘வாய் கட்டிப் பூசை’ என்பார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலும் மட்டக்களப்பு மண்டூரிலும் இதே முறைதான். கப்புறாளைமார் வள்ளியின் வேடர் குலத்து வழியினர் என்பது ஊர் வழக்கு.

பழங்களையும் தேங்காயையும் தட்டில் அடுக்கி வரிசையில் நிற்கும்போது சிங்களவர் யார், தமிழர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. தட்டைக் கப்புறாளை திரைக்குள் கொண்டுபோகிறார். பாதி அங்கே நின்றுவிடும். மீதி திரும்பி வரும். வெளியே கற்பூரம் ஏற்றிய தேங்காய்கள் உடைபடுகின்றன. ‘அரோகரா’வும் ‘ஹரோ ஹரா’வும் ஒரே மூச்சில் எழுகின்றன. பக்கத்திலேயே பள்ளிவாசல், திருவிழாவோடு அங்கும் கொடியேறும். தெய்வானையம்மன் கோயிலோ வட இந்திய சந்நியாசி மரபினரின் பொறுப்பில் இருந்து வந்தது.

ஆடித் திருவிழாவின் இரவு ஊர்வலத்தில் யானைமேல் போவது சிலை அல்ல. பெட்டிக்குள் மறைத்த யந்திரம். ஆலாத்தி அம்மாமார் விளக்கேந்தி நடக்க, வீதியின் மறுமுனையில் உள்ள வள்ளியம்மன் கோயிலுக்குப் பெட்டி போகும். அங்கே சற்று நேரம் தங்கித் திரும்பும். தெய்வானை ஒரு பக்கம் இருக்க, சாமி ஒவ்வோர் இரவும் வள்ளியைத் தேடிப் போகிறார். முடிவில் கங்கையில் நீர்வெட்டு.

இனி தோட்டத்துச் சனத்துக்கு வருகிறேன். கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளின் பின்னால் வந்தவர்கள், ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்துத் திருவிழா நடத்தினார்கள். கரகம், காவடி, தீமிதி எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளை வரத்துக்கும் தீராத நோய்க்கும் வைத்த பெரிய நேர்த்தி கதிர்காமத்துக்குத்தான். பதுளைப் பக்கத்தார் பசறை, மொனராகலை வழியாகவும், அப்புத்தளைப் பக்கத்தார் கொஸ்லந்தை, வெல்லவாய வழியாகவும் இறங்கிப் புத்தலவில் சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் காடு. யானை, கரடி, தண்ணீர்த் தட்டுப்பாடு, காலரா எல்லாம் இருந்த பாதை.

காலராவைக் காட்டித்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசாங்கம் யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. அதனால் கொழும்புச் செட்டிமார் தங்கள் ஊரிலேயே ஆடிவேல் விழாவைத் தொடங்கினார்கள் என்பது வழங்கிவரும் செய்தி. வசதியுள்ளவர்களுக்கு வெள்ளித்தேர் கிடைத்தது. கூலியாட்களுக்கு யார் மாற்று வழி செய்தார்கள்?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இதே மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. 1,50,000 பேரின் விதியைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. இலங்கையைக் காக்கும் தெய்வங்களில் ஒருவராகச் சிங்கள பௌத்தர்கள் வணங்கும் சாமியின் வாசலில், அதே ஆண்டுகளில், இவர்கள் காவடி எடுத்தார்கள். நாடு இவர்களை அந்நியர் என்றது; அந்த வாசலில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

1983க்குப் பின் யுத்தத்தால் குலைந்த கிழக்குக் கரைப் பாதயாத்திரை, 1988இல் அமெரிக்க பக்தர் பேட்ரிக் ஹாரிகனின் முயற்சியால் புத்துயிர் பெற்றது. உகந்தையிலிருந்து குமண, யால காடுகள் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அந்தப் பாதைக்கு இப்போது நூல்களும் படங்களும் உண்டு. ஊவா வழிக்கு ஒன்றும் இல்லை. தோட்டத்தார் பஸ்ஸிலும் வேனிலும் ஒரே நாளில் போய்விடுகிறார்கள்.

பசறை, லுணுகலை, கொஸ்லந்தைப் பக்கத்து வாசகர்கள் தங்கள் லயத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஆற்றைக் கடந்தார்கள், எந்த மரத்தடியில் சோறு பொங்கினார்கள், கூட வந்த சிங்களவர்களோடு எந்த மொழியில் பேசினார்கள், வழியில் யாரைப் புதைத்துவிட்டு வந்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். வரும் கடிதங்களை இந்தத் தொடரிலேயே வெளியிடுவோம்.