இறப்பு வேளையை அறிந்து வாழ்தல்

நோயாளியைச் சந்திக்கச் செல்லும் குருவை வாசலிலேயே நிறுத்தி, வீட்டார் தாழ்ந்த குரலில் சொல்வதுண்டு: "சாமி, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க." பங்குகளில் பணியாற்றும் குருக்களாகிய நாங்கள் எல்லாருமே இதைக் கேட்டிருக்கிறோம். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். மனம் உடைந்துவிடுவாரே, சாப்பிட மாட்டாரே என்ற பயம். அதை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. ஆனாலும் மருத்துவருக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டாருக்கும் தெரியும். யாருடைய உயிரோ அவருக்கு மட்டும் தெரியாது என்பது முறைதானா? மீதமிருக்கும் நாள்களை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லையா?

முன்னோர் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். "தூக்கத்திலேயே போய்விட வேண்டும்" என்பதே இன்று பலருடைய ஆசை. புனிதர்களின் பழைய மன்றாட்டு மாலையோ, ஆயத்தமில்லாத திடீர்ச் சாவிலிருந்து எங்களை மீட்டருளும் என்று இறைவனைக் கெஞ்சியது. புனித சூசையப்பரை நல்மரணத்தின் பாதுகாவலராகக் கொண்டாடியதும் இதே எண்ணத்தில்தான். செபமாலையில் 53 முறை அன்னையிடம் இரண்டு நேரங்களுக்காக மன்றாடுகிறோம். ஒன்று இந்த நேரம், மற்றது நம் இறப்பின் நேரம். நேற்றைக்காகவும் அடுத்த ஆண்டுக்காகவும் அந்தச் செபத்தில் எதுவும் கேட்பதில்லை. சிறு வயதிலிருந்தே சொல்லிப் பழகியதால் இதை நாம் கவனிப்பதில்லை.

ஆண்டவர் தம் நேரத்தை அறிந்திருந்தார்

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம், தம் நேரம் வந்துவிட்டதை இயேசு அறிந்திருந்தார் என்ற குறிப்போடு தொடங்குகிறது. அறிந்தவர் என்ன செய்தார்? பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலடிகளைக் கழுவினார். காட்டிக்கொடுக்க இருந்த யூதாசும் அந்தப் பந்தியில் இருந்தான். அதன் பிறகு நான்கு அதிகாரங்கள் நீளும் உரையாடலும் செபமும், சிலுவையடியில் தாயைச் சீடரிடம் ஒப்படைத்ததும், தம் நேரத்தை அறிந்த ஒருவர் செய்தவையே. அதே இரவில் கெத்சமனியில் அவர் கலங்கவும் செய்தார், இந்தத் துன்பக் கிண்ணம் அகலாதா என்று தந்தையிடம் கேட்கவும் செய்தார். எனவே சாவுக்கு அஞ்சுகிறவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்லப் போகும் இடத்தில் நம்மில் சிலர் அப்படிப் பேசிவிடுகிறோம்.

சாவு நெருங்குகிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் மனிதர் மாறிவிடுவார் என்றும் சொல்வதற்கில்லை. அரசர்கள் இரண்டாம் நூல் 20ஆம் அதிகாரத்தில் எசேக்கியா அரசரின் கதையைப் பாருங்கள். இறைவாக்கினர் எசாயா நோயுற்ற அரசரிடம் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தும்படியும், பிழைக்கப்போவதில்லை என்றும் நேரடியாகச் சொல்கிறார். அரசர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறார், மன்றாடுகிறார். 15 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. கிடைத்த பின் நாம் காணும் முதல் காட்சி எது? பாபிலோனிலிருந்து நலம் விசாரிக்க வந்த தூதர்களுக்குத் தம் பொன்னையும் வெள்ளியையும் நறுமணப் பொருள்களையும் ஆயுதக் கிடங்கையும் ஒன்றுவிடாமல் காட்டுகிறார். இவையெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்கே போய்விடும் என்று எசாயா எச்சரிக்கும்போது, தம் காலத்தில் அமைதி இருந்தால் போதும் என்று தேறிக்கொள்கிறார். அவருக்குப் பின் அரசரான மனாசே 12 வயதில் பதவியேற்றதாக அடுத்த அதிகாரம் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி அவர் பிறந்ததே இந்தக் கூடுதல் ஆண்டுகளில்தான். யூதாவின் மிகக் கொடிய அரசர்களுள் ஒருவர் அவர். ஆயுள் நீள வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிற நாம் இந்தப் பகுதியை மெதுவாக வாசிப்பது நல்லது.

சிக்காகோ பேராயர் ஒருவரின் கடைசி மாதங்கள்

நம் காலத்துக்கு நெருங்கிய ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்காவின் சிக்காகோ உயர் மறைமாவட்டத்தின் பேராயராக 1982 முதல் பணியாற்றியவர் கர்தினால் ஜோசப் பெர்னார்டின். இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு கல்தச்சரின் மகன். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோதே தந்தை புற்றுநோயால் இறந்துபோனார். தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

1993 நவம்பரில் அவர்மேல் ஒரு பாலியல் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. உலகம் முழுவதும் செய்தி பரவியது. அவர் தலைமறைவாகவில்லை, செய்தியாளர்களை நேரில் சந்தித்து எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். 1994 பிப்ரவரியில், அறிதுயில் சிகிச்சையின்போது தோன்றிய தம் நினைவுகளை நம்ப முடியவில்லை என்று கூறி, குற்றம் சாட்டியவரே வழக்கைத் திரும்பப் பெற்றார். பெரும்பாலானோர் அத்தோடு விட்டிருப்பார்கள். அந்த மனிதர் எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கர்தினால் பிலடெல்பியாவுக்குச் சென்று அவரைச் சந்தித்தார். இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் பட்டது. திருப்பலி நிறைவேற்றி, அவருக்கு நோயில்பூசுதலும் அளித்தார். அடுத்த ஆண்டு அந்த மனிதர் திருச்சபையோடு ஒப்புரவாகி இறந்தார்.

அதற்கு முன்பே, 1995 ஜூனில், கர்தினாலுக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் மற்ற நோயாளர்களோடு அமர்ந்து பேசுவதும், அவர்களுடைய பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களுக்காகச் செபிப்பதும், கடிதம் எழுதுவதும் அவருடைய முக்கியப் பணியாகவே மாறின. 1996 ஆகஸ்டு இறுதியில், நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனி அறுவைச் சிகிச்சை இயலாது, தமக்கு ஓராண்டோ அதற்குக் குறைவோதான் என்று தம் மக்களுக்கு அவரே வெளிப்படையாக அறிவித்தார். மரண தண்டனைக் கைதி ஒருவர் கேட்டுக்கொண்டபோது அவரைப் போய்ச் சந்தித்தார். மருத்துவர் உதவியோடு தற்கொலை செய்துகொள்வதை உரிமையாக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு, இறக்கும் நிலையிலிருக்கும் ஒருவர் என்ற முறையில், கடிதம் எழுதினார். அது இறப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு எழுதியது. 1996 நவம்பர் 14 அன்று, 68ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

கடைசி மூன்றாண்டு அனுபவங்களை அவர் ஒரு சிறு நூலாக எழுதி, இறப்பதற்கு 13 நாள்களுக்கு முன், அனைத்துப் புனிதர் விழாவன்று முடித்தார். அதில் இரண்டு செய்திகள் நமக்கு மிகவும் உதவும். ஆன்மிக எழுத்தாளர் ஹென்றி நூவென் தம்மைப் பார்க்க வந்ததையும், சாவைப் பகைவனாகப் பார்க்காமல் நண்பனாகப் பார்க்கும்படி சொன்னதையும் அதில் குறிப்பிடுகிறார். அப்படிச் சொன்ன நூவெனே 1996 செப்டம்பரில் மாரடைப்பால் கர்தினாலுக்கு முன் இறந்துபோனார். நோயாளி யார், நலமாயிருப்பவர் யார் என்று நாம் போடும் கணக்கு அவ்வளவுதான். இரண்டாவது, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வேதனையில் தம்மால் செபிக்கவே முடியவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். உடல் நலமாக இருக்கும்போதே செபிக்கப் பழகுங்கள், நோய் வந்த பின் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள் என்பது தம்மைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் கூறிய அறிவுரை. ஒரு கர்தினாலுக்கே செபம் வரவில்லை என்றால், படுக்கையில் கிடக்கும் நம் உறவினரைப் பார்த்து "ஏன் செபமாலை சொல்லவில்லை?" என்று அதட்டுவதற்கு நாம் யார்? அருகில் அமர்ந்து அவருக்காக நாம் சொல்லலாம்.

இதே சிக்காகோவில் 1960களில் எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற பெண் மருத்துவர், இறையியல் மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால், இறக்கும் நிலையில் உள்ளவர்களிடம் பேச விரும்பினார். தங்கள் பிரிவில் அப்படி யாரும் இல்லை என்று மருத்துவர்கள் மறுத்தார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றில், இறக்கப்போகிறவர் ஒருவர்கூட இல்லையாம்! பிறகு அவர் பேசிய நோயாளர்களில் பெரும்பாலோர், யாரும் சொல்லாமலே தங்கள் நிலையை உணர்ந்திருந்தார்கள். 1969இல் வெளியான அவருடைய நூலின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. நம் இல்லங்களிலும் இதுவே நிலை என்று நினைக்கிறோம். தந்தைக்குத் தெரியாது என்று மகன் நினைக்கிறான்; தமக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரிந்தால் வருந்துவானே என்று தந்தை நினைக்கிறார். இருவரும் தனித்தனியாக அழுகிறார்கள்.

இதற்காக, வாசற்படி ஏறியதும் உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அறிய விரும்பாத நோயாளரும் உண்டு. அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். ஆனால் அவராகக் கேட்கும்போது பொய் சொல்லக் கூடாது. மருத்துவர் மிக நெருங்கிய ஒருவர் முன்னிலையில், அவர் தாங்கும் அளவுக்கு, சிறிது சிறிதாகச் சொல்வதே சிறந்தது.

அவஸ்தை என்று பேர் வந்தது எப்படி?

மறைத்து வைப்பதால் வரும் இன்னொரு இழப்பு அருட்சாதனங்களைப் பற்றியது. குருவைக் கண்டால் நோயாளிக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று, நினைவு தப்பிய பிறகே பலர் அழைக்கிறார்கள். நோயுற்றவர் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசப்பெற வேண்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் (5:14-15) எழுதும்போது, அங்கே நோயாளியே அழைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இது கடைசி மூச்சுக்கான சடங்காகச் சுருங்கியது. தமிழில் 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பெயரும் அப்படி நிலைத்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 73ஆம் எண்ணில் தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்குமுறையைப் புதுப்பித்தார். கடும் நோயுற்றவர்கள், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள், முதுமையால் தளர்ந்தவர்கள் யாவரும் இதைப் பெறலாம். நோய் கடுமையானால் மீண்டும் பெறலாம். நினைவிழந்தவருக்கும், நினைவு இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று கருத இடமிருந்தால், அளிக்கலாம். இறந்துவிட்டவருக்கு அளிப்பதில்லை, அவருக்காகச் செபிக்கிறோம்.

உண்மையில், இவ்வுலகை விட்டுப் போகிறவருக்குரிய இறுதி அருட்சாதனம் வழியுணவாகப் பெறும் நற்கருணையே. இது மிகப் பழைய வழக்கம். 325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கம் தன் 13ஆம் விதியில், இறக்கும் நிலையில் இருப்பவருக்கு வழியுணவை மறுக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. தவத்தில் வைக்கப்பட்ட பாவிகளும் இதில் அடக்கம். அன்று காலையிலேயே நற்கருணை உட்கொண்டிருந்தாலும் வழியுணவாக மீண்டும் பெறலாம். நோயாளருக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. ஆனால் இதைப் பெற விழுங்க முடிய வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவங்களை அறிக்கையிடவோ நினைவு வேண்டும். நினைவு தப்பிய பின் அழைத்தால் இவை இரண்டும் பெரும்பாலும் கைநழுவிப் போகின்றன.

வலி மருந்தைப் பற்றியும் ஒரு சொல். வேதனையைச் சிலுவையாகச் சுமக்க வேண்டும் என்று கருதி மருந்தை மறுக்கும் பக்தர்கள் சிலரைப் பார்க்கிறோம். 1957 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் பேசும்போது, வேறு வழியில்லாத நிலையில், வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு மட்டும் தரப்படும் மருந்து ஒருவேளை ஆயுளைச் சுருக்கினாலும் அது அனுமதிக்கப்பட்டதே என்று விளக்கினார். தகுந்த காரணமின்றி இறக்கிறவரின் நினைவைப் பறிக்கக் கூடாது என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். தம் கடமைகளை முடிக்க அவருக்கு நினைவு தேவை.

அந்தக் கடமைகளில் உயில் எழுதுவதும் ஒன்று. உயில் எழுதினால் சாவை அழைப்பதாகிவிடும் என்று நம்மவர் தள்ளிப்போடுகிறார்கள்; பிறகு ஒரே கோவிலில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் உட்காருகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் தம் அடக்கம் பற்றிய உயிலை 2022 ஜூன் 29 அன்றே எழுதிவைத்தார். உரோமை மரியா மேஜர் பேராலயத்தில், மண்ணில், ஆடம்பரமின்றி, இலத்தீனில் தம் பெயர் மட்டும் பொறித்த எளிய கல்லறை போதும் என்று கேட்டிருந்தார். அதன் பிறகும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பணியாற்றினார். 2025 ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறன்று, பேசுவதே கடினமாக இருந்த நிலையிலும் மக்களுக்கு ஆசி வழங்கி அவர்கள் நடுவே வாகனத்தில் சுற்றிவந்தார்; மறுநாள் காலை இறந்தார்.

குருவை அழைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்: நோயாளியால் பேசவும் விழுங்கவும் முடிகிறதா என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள். படுக்கை அருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, தீர்த்தம், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் இவை போதும். ஒப்புரவுக்காகச் சிறிது நேரம் குருவையும் நோயாளியையும் தனியே விட்டுவிட்டு, பிறகு பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாரும் உள்ளே வந்து செபத்தில் பங்குகொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் பொறுப்பு மருத்துவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். இரவு நேரம் என்று தயங்க வேண்டாம்.