குளிர்கால டிரெய்லர் முகாம்

குளிர்கால டிரெய்லர் முகாம் என்பது கார் அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியில் உறைபனிக் காலத்தில் தங்குவதைக் குறிக்கும். அமெரிக்கா, கனடா, ஸ்காண்டிநேவிய நாடுகள், ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஆகிய இடங்களில் இது பரவலாக உள்ளது. வட அமெரிக்காவில் பெரும்பாலான உரிமையாளர்கள் இலையுதிர் காலத்தின் முடிவில் டிரெய்லரின் குழாய்களிலிருந்து நீரை முழுதும் வெளியேற்றி, வண்டியை வசந்தம் வரை நிறுத்திவைப்பார்கள். அப்படி நீர் நீக்கிய வண்டியையே எடுத்துக்கொண்டு பனிக்காலத்தில் பயணம் போவோரும் உண்டு. குளிரை ஹீட்டர் சமாளித்துவிடும். ஆனால் குழாயில், காற்றில், பேட்டரியில் என வண்டியின் எந்த மூலையில் நீர் இருந்தாலும் அதைக் கவனித்தாக வேண்டும். இம்முகாமின் நுட்பம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பின்னணி

பொழுதுபோக்குப் பயணத்துக்கான வீட்டுவண்டிகளின் முன்னோடியாகக் கருதப்படுவது, பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் மருத்துவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885-இல் செய்வித்த ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டி. அமெரிக்காவில் வாலி பையம் நிறுவிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936-இல் ‘கிளிப்பர்’ என்ற அலுமினிய டிரெய்லரை வெளியிட்டது. அதில் நால்வர் உறங்க இடமும் மின்விளக்கும் நீர் வசதியும் இருந்தன. காலப்போக்கில் அழுத்தத்துடன் நீர் பாயும் குழாய்கள், வாட்டர் ஹீட்டர், ஷவர், கழிவறை எனச் சிறு வீட்டின் வசதிகள் எல்லாம் வண்டிக்குள் வந்தன. உறைபனியால் சேதமடையக்கூடிய பாகங்களும் அதே அளவில் பெருகின.

நீர்வழியை ஆயத்தப்படுத்துதல்

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. மூடிய குழாயில் அந்த விரிவுக்கு இடம் இல்லாததால் இணைப்புகள், குழாய் வால்வுகள், பம்பின் உடல் ஆகியவை வெடிக்கின்றன. இதைத் தடுக்க முதலில் நன்னீர்த் தொட்டியும் வாட்டர் ஹீட்டரும் காலி செய்யப்படுகின்றன. குழாய்வழியின் மிகத் தாழ்ந்த இடங்களிலுள்ள வடிகால் வால்வுகளைத் திறந்து மீதி நீரையும் வடிப்பார்கள். அதன்பின் இரண்டு முறைகளில் ஒன்று கையாளப்படும். ஒன்று, கம்ப்ரஸர் காற்றை மிதமான அழுத்தத்தில் செலுத்தி எஞ்சிய நீரை ஊதித் தள்ளுவது. மற்றொன்று, புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைப் பம்பின் வழியே எல்லாக் குழாய்களிலும் நிரப்புவது. இரண்டாவது முறையில் வாட்டர் ஹீட்டரைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழியைத் திறந்துவிடுவார்கள்; இல்லாவிட்டால் 6 கேலன் ஹீட்டரானால் சுமார் 23 லிட்டர் திரவம் அதற்குள்ளேயே போய்விடும்.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாய்களில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. இளஞ்சிவப்புத் திரவத்தின் புட்டியில் காணப்படும் மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட் (மைனஸ் 46 டிகிரி செல்சியஸ்) என்ற அளவு, குழாய் வெடிக்காமல் காக்கப்படும் எல்லையையே குறிக்கிறது. அந்த வெப்பநிலைக்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும். கூழ் நகர இடமிருப்பதால் குழாய் தப்பிக்கிறது.

நீர் திறக்காமல் தங்குதல்

ஆயத்தப்படுத்திய வண்டியில் தங்குவோர் குழாயைத் திறப்பதில்லை. குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரைக் கேன்களில் கொண்டுவந்து, இரவில் உறையாதபடி வண்டிக்குள்ளேயே வைப்பார்கள். பாத்திரம் கழுவிய நீரைச் சிங்கில் கொட்டாமல் ஒரு வாளியில் சேர்த்து, முகாமின் கழிவுநீர்க் குழியில் ஊற்றுவது வழக்கம். சிங்கின் அடியிலுள்ள வளைகுழாயில் எப்போதும் சிறிது திரவம் தேங்கி நிற்கும். அதில் வெறும் நீர் கலந்தால் உறைதடுப்புத் திரவம் நீர்த்துப்போகும். நீர்த்த திரவம் வளைகுழாயைக் காப்பாற்றாது. தவறி நீர் போய்விட்டால், உடனே அதன்மேல் ஒரு குவளைத் திரவத்தை ஊற்ற வேண்டும். கழிவறையையும் நீருக்குப் பதில் இத்திரவத்தைக் கொண்டே கழுவலாம். அப்போது கழிவுத் தொட்டியும் அதன் வெளியேற்று வால்வும் உறையாமல் இருக்கும்.

வெப்பமும் மின்சாரமும்

பெரும்பாலான டிரெய்லர்களின் ஹீட்டர் புரோப்பேனை எரித்து, மின்விசிறியால் வெப்பக் காற்றைப் பரப்புகிறது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால் கடுங்குளிரிலும் ஆவியாகி எரியும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, உறைபனியில் அது உருளைக்குள் திரவமாகவே தங்கிவிடும்.

எரிவாயு போதிய அளவு இருந்தாலும், விசிறிக்கு 12 வோல்ட் மின்சாரம் இன்றியமையாதது. விசிறி 8 ஆம்பியர் இழுப்பதாகவும், 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடுவதாகவும் கொண்டால் 48 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி ஈயஅமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஓரிரவிலேயே எல்லை நெருங்கிவிடுகிறது. குளிர் பேட்டரியின் கொள்ளளவையும் குறைக்கிறது. முழு மின்னேற்றத்தில் உள்ள ஈயஅமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. முற்றிலும் வடிந்ததோ மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்து பிளக்கக்கூடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். இந்தக் காரணங்களால் குளிர்காலத்தில் மின் இணைப்புள்ள முகாம் இடங்களுக்கே மதிப்பு அதிகம்.

ஈரமும் காற்றோட்டமும்

ஒரு கிலோ புரோப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உருவாகிறது. டிரெய்லரின் நிலையான ஹீட்டர் இதைப் புகைபோக்கி வழியே வெளியேற்றும். சமையல் அடுப்பும் புகைபோக்கியற்ற சிறு ஹீட்டர்களும் அதை அறைக்குள்ளேயே விடுகின்றன. மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து கண்ணாடியிலும் மெத்தையின் அடியிலும் படிந்து பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். கூரைத் துவாரத்தையும் ஒரு சன்னலையும் சற்றே திறந்து வைப்பது வெப்பத்தை வீணாக்குவதாகத் தோன்றினாலும், வண்டியை உலர்ந்த நிலையில் வைக்கும் உறுதியான வழி அதுவே.

காற்றோட்டம் உயிர் காக்கவும் தேவை. எரிதல் முழுமை பெறாதபோது தோன்றும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. எனவே சமையல் அடுப்பை அறை சூடேற்றப் பயன்படுத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடு, எரிவாயுக் கசிவு ஆகிய இரண்டுக்கும் எச்சரிக்கைக் கருவி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஹீட்டரின் புகைபோக்கி வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு காலையிலும் பார்க்க வேண்டும்.

நான்கு பருவ வண்டிகள்

குளிரிலும் குழாய் நீரைப் பயன்படுத்தத்தக்க வண்டிகளில் தொட்டிகள் மூடிய அடித்தளத்துக்குள் இருக்கும். ஹீட்டரின் வெப்பக் காற்று அங்கும் செல்லும். சன்னல்கள் இரட்டைக் கண்ணாடி கொண்டவை. ஐரோப்பியத் தரநிலையின் மூன்றாம் வகை கேரவன், வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரி வெப்பத்தைத் தர வேண்டும். ஸ்வீடனின் காபே நிறுவனம் இத்தகைய வண்டிகளுக்குப் பெயர்பெற்றது.

இடங்கள்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில், சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள மேதர் முகாம், கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள டனல் மவுண்டன் முகாம் ஆகியவை குளிர்காலத்திலும் தங்க இடம் தருபவை. இத்தகைய இடங்களில் வண்டியின் தாங்கு கால்கள் மண்ணோடு உறைந்து ஒட்டாதிருக்க அவற்றின் அடியில் மரக்கட்டை வைப்பார்கள்.

மீண்டும் நீர் நிரப்புதல்

வசந்தத்தில் குழாய்களிலுள்ள திரவத்தை நன்னீரால் அலசி வெளியேற்றி, குளோரின் கரைசலால் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்வார்கள். பின்னர் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பம்பை இயக்க வேண்டும். அழுத்தம் ஏறியதும் பம்பு நின்று, நின்றபடியே இருந்தால் நீர்வழி பழுதின்றிக் குளிர்காலத்தைக் கடந்திருக்கிறது. யாரும் நீர் திறக்காமலே அது அவ்வப்போது ஓடினால், எங்கோ ஓர் இணைப்பு கசிகிறது என்று பொருள்.