சீனா எழுதிய பொய்க் கணக்கு

கணக்கு எழுதியவரே அதைத் தணிக்கை செய்யக் கூடாது. ஆடிட்டிங் பாடத்தில் இதை மார்க்குக்காக மனப்பாடம் செய்தவன் நான். சீன வரலாற்றைப் படித்தபோதுதான், இந்த ஒரு வரியில் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்று உறைத்தது.

1958-ல் மாவோ 'மாபெரும் பாய்ச்சல்' திட்டத்தை ஆரம்பித்தார். கிராமங்களெல்லாம் கம்யூன்களாக மாறின. வயலில் நிற்க வேண்டியவர்கள் கொல்லைப்புற உலைகளில் இரும்பு உருக்கினார்கள். விளைச்சல் கணக்கைக் கொடுத்ததும் கட்சி அதிகாரிகள், சரிபார்த்ததும் கட்சி அதிகாரிகள். பக்கத்து ஊர்க்காரர் இரண்டு மடங்கு என்றால் இவர் மூன்று மடங்கு என்பார்! அந்த வருட தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி டன்.

பொய் காகிதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசு கொள்முதல் செய்தது. சாப்பிட வைத்திருந்ததையும் விதைநெல்லையும்கூட வழித்துக்கொண்டு போனார்கள். 1959-ல் ஜனங்கள் பட்டினி கிடந்தபோதும் சுமார் 40 லட்சம் டன் தானியம் ஏற்றுமதியானது. கணக்குப்படிதான் கையிருப்பு இருக்கிறதே!

யாருமே சொல்லவில்லையா? ஒருவர் சொன்னார். பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய். சொந்த மாகாணமான ஹூனானுக்குப் போய், கிராமங்களின் நிலைமையை நேரில் பார்த்தவர். 1959 ஜூலையில் லூஷானில் கட்சிக் கூட்டம் நடந்தபோது மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தனிப்பட்ட கடிதம்தான். மாவோ அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்து, எழுதியவரைக் கட்சி விரோதி ஆக்கினார். பெங்கின் பதவி போனது.

அதன் பிறகு எந்த அதிகாரி உண்மை பேசுவார், சொல்லுங்கள்? பொய்க் கணக்கு தொடர்ந்தது. 1961 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஒன்றரைக் கோடி என்கிறார்கள் சில ஆய்வாளர்கள், நாலரைக் கோடி என்கிறார்கள் வேறு சிலர். செத்தவர்களின் கணக்கும் சரியாக எழுதப்படவில்லை என்பதுதான் கொடுமை.

1961-ல் நாட்டின் தலைவர் லியு ஷாவோச்சியே ஹூனான் கிராமங்களில் 44 நாள் தங்கி விசாரித்தார். அடுத்த வருடம், கட்சிக்காரர்கள் 7000 பேர் கூடிய மாநாட்டில், பஞ்சத்துக்கு இயற்கை மூன்று பங்கு, மனிதர் செய்த தவறு ஏழு பங்கு என்று விவசாயிகள் சொன்னதை எடுத்துச் சொன்னார். கலாச்சாரப் புரட்சியில் அவரும் சிக்கி, 1969-ல் காவலிலேயே இறந்தார். பெங் இறந்தது 1974-ல், அவரும் காவலில்தான்.

பெங் மீதான பழியைக் கட்சி 1978-ல் நீக்கியது. ஆடிட்டர் சொன்னது சரிதான் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ள 19 வருஷம். அதைக் கேட்க ஆடிட்டர் உயிரோடு இல்லை.