அஞ்சல் வழிப் பட்டமும் அதன் அங்கீகாரமும் – ஒரு வரலாற்று நோக்கு



வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெற வேண்டும் என்னும் ஆவல் நம் மக்களிடையே நாளுக்கு நாள் பெருகி வருகிறது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன இளைஞர், அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் பெண், பாலர் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியை எனப் பலரும் விளம்பரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மிடம் வருகிறார்கள். "இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, ஐயா?" என்று கேட்கிறார்கள். உண்டு, இல்லை என ஒரே சொல்லில் இதற்கு விடை கூற முடிவதில்லை. யாருடைய அங்கீகாரம், எந்த வேலைக்கு, எந்த முறையில் படித்ததற்கு, எந்த ஆண்டில் சேர்ந்ததற்கு என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கேள்வி இப்படி நான்காகப் பிரிந்ததற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பிரிட்டனில் 1840-ஆம் ஆண்டு ஒரு பென்னி அஞ்சல் தலை வந்தது. குறைந்த செலவில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகலாம் என்றானது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன் என்பவர் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். அங்கே பட்டம் என்ற பேச்சே எழவில்லை. சுருக்கெழுத்து வந்ததா இல்லையா என்பதை முதலாளி ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடுவார். ஆகவே அங்கீகாரம் பற்றிய வினாவும் எழவில்லை.

பட்டம் என்று வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1836-இல் அரச சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே இருந்தது. அதனுடன் இணைந்த கல்லூரிகளில் படித்தோர் மட்டும் தேர்வு எழுதலாம் என்ற விதி 1858-ஆம் ஆண்டின் புதிய சாசனத்தால் நீக்கப்பட்டது. எங்கே படித்தாலும், எப்படிப் படித்தாலும், தேர்வில் தேறினால் பட்டம் கிடைக்கும். இதில் ஒரு விலக்கும் இருந்தது. மருத்துவப் பட்டத்துக்கு மட்டும் கல்லூரியில் பயின்றே ஆக வேண்டும். உயிரோடு தொடர்புடைய தொழிலுக்குத் தனி விதி வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

1865-இல் மொரீசியஸ் தீவிலேயே இலண்டன் தேர்வு நடந்தது. பின்னர் பிரிட்டிஷ் ஆட்சி நிலவிய நாடுகள் பலவற்றிலும் அது பரவியது. இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் அங்கே தனிப் பல்கலைக்கழகம் அமையும் வரை, தன் மாணவர்களை இலண்டனின் வெளிவாரிப் பட்டத்துக்கே ஆயத்தப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட போர்வீரர்கள் முகாமுக்குள்ளேயே இலண்டன் தேர்வுகளை எழுதினார்கள் என்றால், இம்முறை எவ்வளவு தூரம் வேரூன்றியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இம்முறையின் பலம் ஒன்றே ஒன்றுதான். கற்பிப்பவர் வேறு, தேர்வு வைப்பவர் வேறு. 1894-இல் தொடங்கிய வுல்சி ஹால் போன்ற அஞ்சல் கல்லூரிகள் பாடங்களை அனுப்பின. ஆனால் பட்டம் தந்தது பல்கலைக்கழகம். கல்லூரி எவ்வளவு சுமாராகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாலும், பட்டத்தின் மதிப்பு குறையவில்லை. தேர்வு கடினமாகவே இருந்தது. தேறாதவர் தேறவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதிலேயே ஒரு மயக்கமும் பிறந்தது. அஞ்சல் கல்லூரி தன் பெயரில் கொடுத்த சான்றிதழையும் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தையும் ஒன்றெனக் கருதுவோர் இருந்தனர். பாடம் நடத்தும் நிறுவனத்தின் பெயர் விளம்பரத்தில் பெரிய எழுத்திலும், பட்டம் வழங்குவோரின் பெயர் அடியில் சிறிய எழுத்திலும் இருப்பதை இன்றும் காண்கிறோம். முதலில் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் 1928-இல் வகுப்புகளைத் தொடங்கிய இராஃபிள்ஸ் கல்லூரி கலையும் அறிவியலும் கற்பித்தது. நல்ல ஆசிரியர்கள், நல்ல மாணவர்கள். ஆயினும் அது கொடுத்தது டிப்ளோமாவே, பட்டம் அன்று. அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆன பிறகுதான் இம்மண்ணிலேயே பட்டம் வழங்கும் உரிமை வந்தது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. சீன சமூகத்தார் தங்கள் மொழியில் உயர்கல்வி வேண்டுமெனச் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்தை எழுப்பினார்கள். செல்வர்கள் கொடுத்தார்கள், டிரைஷா ஓட்டுநரும் தம் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார். 1956-இல் வகுப்புகள் தொடங்கின. ஆனால் 1959-இல் பிரெஸ்காட் தலைமையிலான குழு, அதன் பட்டங்களை அங்கீகரிக்கும்படி பரிந்துரை செய்ய இயலாது என்று அறிக்கை கொடுத்தது. மறு ஆண்டு முதல் அணி மாணவர்கள் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். சிங்கப்பூர் அரசின் அங்கீகாரம் 1968-இல்தான் கிடைத்தது. அங்கே கட்டடம் இருந்தது, நூலகம் இருந்தது, பேராசிரியர்களும் இருந்தனர். போலி என்று எவரும் சொல்ல முடியாது. அந்த முடிவில் கல்வியோடு அரசியலும் கலந்திருந்தது என்பது நம் கருத்து. காரணம் எதுவானாலும், இடையில் கழிந்த எட்டு ஆண்டுகளில் வேலை தேடிய பட்டதாரிக்கு அந்தக் காத்திருப்பை யார் ஈடு செய்வார்? உண்மையான கல்வி நடக்கிறது என்பது வேறு; அரசு அதை ஏற்றுக்கொள்கிறது என்பது வேறு. நன்யாங் வரலாறு நமக்கு இதைத்தான் காட்டுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டில் தொலைக்கல்விக்கு வழி திறந்தது பினாங்கில்தான். 1969-இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இல் வளாகத்துக்கு வெளியே இருப்போருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே 1971-இல்தான். ஆக, நாம் ஒன்றும் பின்தங்கியிருக்கவில்லை. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டிலும், பினாங்கின் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006-ஆம் ஆண்டிலும் வந்தன. பணியில் இருந்துகொண்டே பட்டதாரிகளான ஆசிரியர் பலர் இவ்வழியில் வந்தவர்களே.

தமிழ் படிக்க விரும்பிய நம்மவர்களின் கண் இயல்பாகவே தமிழ்நாட்டை நோக்கிப் போனது. இந்தியாவில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அவ்வழியில் இறங்கின. சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் இரவு நேரத்தில் தனியே இருந்து படித்துத் தேறியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் உழைப்பை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் தமிழ் இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் என்பதும், பள்ளியில் கற்பிப்பதற்கான தகுதி என்பதும் ஒன்றல்ல. பட்டம் இருந்தும் ஆசிரியர் பயிற்சி இல்லாமல் நின்றவர்கள் இந்த வேறுபாட்டைச் சேர்வதற்கு முன் கேட்டறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து மற்றொரு படிப்பினையும் உண்டு. ஒடிசா மாநில அரசுக் கழகம் ஒன்றில் பணியாளர்களின் பதவி உயர்வு பற்றிய தகராறாகத் தொடங்கிய வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டிப்ளோமா பெற்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொலைநிலைக் கல்வி வழியே பொறியியல் பட்டம் வாங்கியிருந்தார்கள். பட்டம் கொடுத்தவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், சட்டப்படி இயங்கியவைதாம். ஆனால் பொறியியலைத் தொலைநிலையில் நடத்த அவை முறையான முன் அனுமதி பெற்றிருக்கவில்லை. 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் உயிர்பெறும். அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் அடியோடு நீக்கப்பட்டன. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் திரும்பி வரலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கிருந்து வரும்?

ஆண்டு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் கூறுவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 2014-15 கல்வியாண்டு வரையில்தான் தொலைநிலைக் கல்வி நடத்த அங்கீகாரம் அளிக்கப்பட்டிருந்தது என்று இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவிப்பு வெளியிட்டது. ஒருவர் 1985-இல் அங்கே பெற்ற பட்டத்தை இந்த அறிவிப்பு தொடவில்லை. அண்ணன் படித்த இடம் என்று நம்பித் தம்பியும் சேர்ந்தால், அண்ணன் காலத்து அங்கீகாரம் தம்பிக்கும் தானாக வந்துவிடாது.

நம் நாட்டில் 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. லான் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசிய அங்கீகார வாரியத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பாடம் நடத்துவதும் பட்டம் தருவதும் ஒரே கையில் சேர்ந்துவிட்ட காலத்தில், இலண்டன் முறையில் தேர்வு செய்துவந்த வேலையைச் செய்ய வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லானின் இடத்துக்கு எம்.கியூ.ஏ. என்னும் மலேசியக் கல்வித் தகுதி நிறுவனம் வந்தது. அது பராமரிக்கும் பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அப்பதிவேடு கல்லூரிக்கு நற்சான்று தருவதில்லை. ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே குறிக்கிறது. ஒரே கல்லூரியில் வணிகப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், உளவியலுக்கு இல்லாமல் இருக்கும். வகுப்பறையில் நடக்கும் படிப்புக்கு இருக்கும், அதே பெயரில் தொலைக்கல்வியாக நடப்பதற்கு இராது. படிப்பின் எண்ணில் எப்.ஏ. என்றிருந்தால் முழு அங்கீகாரம், பி.ஏ. என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். இந்தப் பி.ஏ.வை நம் ஊர்ப் பி.ஏ. பட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது! புதிதாகத் தொடங்கும் படிப்பு தற்காலிக நிலையில் இருப்பது குற்றமன்று. ஆனால் முழு அங்கீகாரத்துக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று கேட்பது மாணவரின் உரிமை.

இதற்கு மேல் இன்னொரு கதவும் உண்டு. முன்பு சொன்ன மருத்துவ விலக்கு இங்கேதான் மீண்டும் தலைகாட்டுகிறது. மருத்துவருக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கறிஞருக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம், பொறியியலாளருக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டம் என ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சட்டமும் தனி மன்றமும் இருக்கின்றன. சட்டப் பட்டம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆயினும் இங்கே வழக்கறிஞராக முடியுமா என்பதைச் சட்டத் தொழில் தகுதி வாரியமே கூற வேண்டும். அரசுப் பணி வேண்டுவோர் பொதுச் சேவைத் துறையின் விதியையும் பார்க்க வேண்டும். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் பட்டத்தை மட்டும் கொண்டுபோய் நிற்பதில் பயனில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பதிந்துகொண்டு இணையம் வழி படிப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்நாட்டில் அப்பட்டம் செல்லுபடியாகும் என்பது இங்கே செல்லுபடியாகும் என்பதற்கு உறுதி ஆகாது.

சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு சொல். அங்கே எல்லாப் பட்டங்களையும் அங்கீகரிக்கும் பொது நிறுவனம் எதுவும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் தனியார் கல்விச் சட்டப்படி பள்ளிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் பதிவு என்பது பட்டத்தின் தரத்துக்கான உத்தரவாதம் ஆகாது. முதலாளியும் அந்தந்தத் தொழில் மன்றமுமே பட்டத்தை எடைபோடுகின்றனர். ஆகவே அவர்களையே முதலில் கேட்பது நலம்.

கடைசியாகப் போலிகளைப் பற்றி. 2015 மே மாதம் பாகிஸ்தானின் கராச்சி நகரில் இயங்கிய ஆக்சாக்ட் என்னும் நிறுவனத்தின் வேலை அம்பலமானது. அது இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டங்களை விற்றது. அதோடு நிற்காமல், அப்பல்கலைக்கழகங்களை அங்கீகரிப்பதாகச் சொல்லும் போலி அமைப்புகளையும் தானே உருவாக்கி இணையத்தில் வைத்திருந்தது. அந்த அமைப்பைத் தொடர்புகொண்டு விசாரித்தவருக்கு, அங்கீகாரம் உண்டு என்றுதானே பதில் வரும்! ஆகவே விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணையோ இணைய முகவரியையோ வைத்துச் சரிபார்ப்பது திருடனையே சாட்சிக்கு அழைப்பது போன்றது. எம்.கியூ.ஏ.வின் முகவரியை நாமே தேடி எடுக்க வேண்டும். படிப்பின் முழுப் பெயர், பட்டம் வழங்குவோர் பெயர், பயிலும் முறை, சேரும் ஆண்டு, நாம் நாடும் வேலை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்க வேண்டும். வரும் பதிலைப் பணம் கட்டிய ரசீதோடு சேர்த்துப் பட்டம் கைக்கு வரும் வரை பத்திரப்படுத்த வேண்டும். பதில் வருவதற்குள் "இன்றே கட்டினால் பாதிக் கட்டணம்" என்று தொலைபேசியில் அவசரப்படுத்துவார்கள். பதில் வரட்டும், பிறகு கட்டுகிறோம் என்று சொன்னால் போதும்.