சிறு மின்குமிழ் தந்த அளவுகோல்

வானொலிப் பெட்டியோ ஒலிபெருக்கியோ செம்மையாக இயங்குகின்றதா என்பதை அறிய வேண்டுமாயின், தூய ஒலியலை ஒன்றை மின்வடிவில் அதனுட் செலுத்தி, வெளிவரும் அலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். செலுத்தும் அலையே திரிபுடையதாயின், குறை கருவியினதா அளவுகோலினதா என்று எவராலும் கூறவியலாது. அத்தகைய அளவுகோலை நம்பகமானதாகவும் மலிவானதாகவும் ஆக்கித் தந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் வில்லியம் ஹியூலற்.

1913ஆம் ஆண்டிற் பிறந்த அவர் பன்னிரண்டாம் வயதிலே தந்தையை இழந்தார். வாசிப்பதில் அவருக்குப் பெரும் இடர்ப்பாடு இருந்தது. டிஸ்லெக்சியா எனப்படும் அக்குறையை அக்காலத்து ஆசிரியர்கள் அறிந்திலர். வகுப்பிற் கேட்டவற்றை மனத்தில் இருத்தியே அவர் கற்றார். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக்கத்தக்க சிறப்பெதுவும் அவருடைய பெறுபேறுகளில் இல்லையென அவருடைய பாடசாலை அதிபர் கருதினார். அவருடைய தந்தையார் தம்மிடம் பயின்ற தலைசிறந்த மாணவர் என்பது தெரியவந்த பின்னரே பரிந்துரை கிடைத்தது.

அப்பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பிரடெரிக் டேர்மனின் வழிகாட்டலில், ஒலியலை ஆக்கும் கருவியொன்றை ஹியூலற் ஆராய்ந்தார். தடைகளும் கொள்ளளவிகளும் கொண்ட எளிய சுற்றொன்றால் அலையை எழுப்பலாம். அதனை நிலைநிறுத்துவதே அரிது. சுற்றின் பெருக்கம் சிறிது மிகின் அலை வளர்ந்து உருத்திரியும். சிறிது குறையின் அவிந்துவிடும். ஹியூலற் அச்சுற்றிலே ஒரு சிறு மின்குமிழைப் பொருத்தினார். அலை வளர்ந்தால் குமிழின் இழையிற் பாயும் மின்னோட்டம் மிகும், இழை சூடேறும், அதன் தடை உயரும், அதனாற் பெருக்கம் தணியும். அலை தளர்ந்தால் இவையாவும் மறுதலையாக நிகழும். எவரும் திருகித் திருத்தாமலே அலை ஒரே அளவில் நின்றது.

1939இல் நண்பர் டேவிட் பக்கார்ட்டுடன் கூடி, 538 டொலர் முதலுடன், பாலோ ஆல்ரோ நகரில் ஒரு மோட்டார் வண்டிக் கொட்டகையிலே ஹியூலற் தொழில் தொடங்கினார். முதற் கருவியின் விலை 54 டொலர் 40 சதம். பிறர் விற்ற கருவிகளோ பன்மடங்கு விலையுடையன. 1940இல் வெளிவந்த ‘பன்ரேசியா’ திரைப்படத்தின் ஒலியமைப்பைச் சோதிப்பதற்கு, வால்ட் டிஸ்னியின் நிறுவனம் இவ்வகைக் கருவிகள் எட்டினை வாங்கிற்று.

அக்கொட்டகைத் தொழில் காலப்போக்கில் உலகின் முன்னணி அளவைக் கருவி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. சட்டைப் பையில் அடங்கும் விஞ்ஞானக் கணிப்பானை அது 1972இல் வெளியிட்டதும் ஹியூலற்றின் தூண்டுதலாலேயாம். 2001இல் அவர் மறைந்தார்.

கருவி காட்டும் எண்ணை நம்புமுன் கருவியைச் சோதித்தல் வேண்டும் என்பது அளவைத் துறையின் முதல் விதி. ஹியூலற்றின் ஆற்றலை அவருடைய பாடசாலைப் பெறுபேறுகள் காட்டவில்லை. மாணவரை அளக்கும் புள்ளிகளுக்கும் அவ்விதி பொருந்தும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.