கொள்ளும் பொன்னும்

கொள்ளு தெரியும்தானே? குதிரைக்குத் தீனி. உழவு மாட்டுக்கு வேகவைத்துப் போடுவது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போய்க் கேளுங்கள்... 'காணம்' என்பார்கள். காணத் துவையல் அங்கே ரொம்பப் பிரசித்தம்.

இனிதான் வேடிக்கை. சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடினார் கபிலர். பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்கிற பரிசு என்ன தெரியுமா? நூறாயிரம் காணம்! லட்சம் கொள்ளா? அட, இல்லீங்க. இந்தக் காணம் பொன்.

குதிரைத் தீனிக்கும் புலவர் பரிசுக்கும் ஒரே பெயர் எப்படி? பழைய தட்டான் தராசைப் பாருங்கள். படிக்கல்லாக இருந்ததே விதைதான். குன்றிமணி கொடியில் காய்ப்பது, மஞ்சாடி மரத்தில் காய்ப்பது. கழஞ்சு என்ற எடையைக் கழற்சிக்காயோடு சேர்த்துச் சொல்வார்கள். காணமும் பொன் நிறுத்த பழைய எடை. விதை எடையாகி, எடை காசாகியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

மலபாரில் நிலத்தைப் பயிர் செய்ய வாங்குகிறவர் ஜன்மிக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் காணம் என்றே பெயர். 1970-ல் கேரள நிலச் சீர்திருத்தம் அந்த முறைக்கு முடிவு கட்டியது.

கபிலர் வாங்கிய காணம் இன்று செல்லாது. மழை குறைந்தாலும் மானாவாரிக் காட்டில் விளைகிற காணம் இன்னும் சோறு போடுகிறது. கடையில் பார்த்தால், 'மாட்டுத் தீனிதானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒருகாலத்தில் பொன்னுக்கே பெயர் கொடுத்த சொல் அது!