பரிபாஷையும் பேச்சும்

தட்டார் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் வழங்கியதை நன்னூல் உரையாசிரியர்கள் குழூஉக்குறிக்கு உதாரணமாகக் காட்டுவர். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் காத்த சொல் அது. இக்காலத்திலோ, துறை வல்லுநரின் பரிபாஷை, துறையறியாதாரின் சம்பாஷணையில் நாகரிகத்தின் பொருட்டே இடம் பெறுகிறது.

தொழிற்சொற்கள் பொதுவழக்கில் கலப்பதைக் குற்றம் என்பது என் அபிப்பிராயமன்று. வைத்தியர் கைநாடி பார்த்ததைக் கண்ட ஜனங்களே ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதாகப் பேசினர்; கட்டளைக்கல்லில் பொன்னை உரைத்து மாற்றுக் கண்டதை அறிந்தவர்களே மனிதரின் குணத்தையும் உரைத்துப் பார்க்கக் கற்றனர். செய்கையும் சொல்லோடு உடன் வந்தமையால் மொழி வளம் பெற்றது.

1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, அயற்பொருள் புகுந்த உடல் பின்னர் அப்பொருளுக்குக் காட்டும் மாறுபட்ட எதிர்வினையைக் குறிக்க, ‘வேறு’, ‘செயல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கினார். இன்று, பிடிக்காத மனிதரைக் குறித்தும் ‘அவரைக் கண்டாலே அலர்ஜி’ என்கிறோம். ‘கத்தரிக்காய் எனக்கு ஆகாது’, ‘அவருக்கும் எனக்கும் ஆகாது’ என்று, உடம்பின் ஒவ்வாமைக்கும் உள்ளத்தின் ஒவ்வாமைக்கும் ஒரே சொல்லை நம் பாட்டிமார் எத்தனை இயல்பாக ஆண்டனர்!

இவ்வாறு பேச்சில் புகுந்த பரிபாஷைச் சொற்களுள் பெருங்கேடு விளைத்தது ‘டென்ஷன்’. பௌதிக சாஸ்திரத்தில் அது இழுத்துக் கட்டிய கயிற்றின் இழுவிசை. இத்தனை நியூட்டன் என்று அளந்துரைக்கத்தக்கது. நம் பேச்சிலோ, பேருந்து வாராமையும், மேலதிகாரியின் கடிந்துரையும், நோயாளியின் அறைவாசலில் காத்திருக்கும் இரவும் யாவும் டென்ஷனே. முதலாவது பரபரப்பு, இரண்டாவது குமுறல், மூன்றாவது தவிப்பு என்று பகுத்துணர்ந்த ஒரு சமுதாயம், அம்மூன்றையும் ஒரே ஒலியில் அடக்கிவிடும்போது, நெஞ்சின் நிலைகளைத் தனக்கே பெயரிட்டுச் சொல்லிக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. இதனை மொழிக்கலப்பு என்பதினும் உணர்ச்சியின் வறுமை என்பதே தகும்.

1916ஆம் ஆண்டில் ராஜாஜி முதலியோர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டு, ரசாயனம், பௌதிகம், வான சாஸ்திரம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை வகுக்க முயன்றனர். சாஸ்திரத்துக்குத் துல்லியமான சொல் தேட அவர்கள் பட்ட பாட்டில் ஒரு சிறு பங்கையேனும் நம் இல்லத்துப் பேச்சுக்கு நாம் படவேண்டாவா? தேர்வுக்கு முந்தின இரவில் உங்கள் மகள் ‘டென்ஷனாக இருக்கிறது’ என்றால், அருகில் அமர்ந்து, அச்சமா, அயர்ச்சியா, தோற்றால் நீங்கள் வருந்துவீர்களே என்ற கலக்கமா என்று கேளுங்கள்.